மூன்று மேடைகளும் ஒரு தீர்ப்பும்

வைகாசியில் மதுரை வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களுக்குக் கை ஓயாது. முகூர்த்தம், காதணி விழா, ஊர்த் திருவிழா என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஆடி பிறந்துவிட்டால் கல்யாண நிகழ்ச்சிகள் நின்றுவிடும் என்பதால், வருகிற தேதியை விட யாருக்கும் மனம் வராது. அப்படிப்பட்ட ஒரு சனி, ஞாயிறில் மதுரையைச் சேர்ந்த ஓர் அமெச்சூர் குழு மூன்று நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டது. சனி மாலை நகரத்து மண்டபம் ஒன்றில் கல்யாண வரவேற்பு. ஞாயிறு மதியம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழா. அன்று இரவே மேலூர்ப் பக்கம் அம்மன் கோவில் திருவிழா. மூன்றையும் உடனிருந்து கேட்டேன். கேட்டவற்றை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

குழுவின் பெயர் இங்கே தேவையில்லை. கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், தபலாவும் டோலக்கும் ஒருவர், ரிதம் பேட், ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று என ஏழு பேர். திங்கள் முதல் வெள்ளி வரை எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருக்கிறது. இதே நிலையில் இருக்கும் குழுக்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஒன்றாவது உண்டு. ஆகவே இந்த ஏழு பேரைப் பற்றிய கேள்வி பலருக்கும் பொருந்தும்: இப்படி நெருக்கியடித்து மேடையேறுவது ஒரு குழுவின் இசையை வளர்க்கிறதா, தேய்க்கிறதா?

அளவுகோலை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெச்சூர் என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு மன்னிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமேகூட அமெச்சூர் சங்கங்களுக்குச் சலுகை தருகிறது: கட்டணம் கொடுக்காத பார்வையாளருக்காகவோ சமய நிறுவனம் ஒன்றின் நன்மைக்காகவோ அவர்கள் ஒரு பாடலை நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது. சட்டம் அப்படிச் சலுகை தருவது நியாயம். திறனாய்வு தரக்கூடாது. ‘பாவம், வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கிறார்கள்’ என்று சொல்லிக் கேட்பது, அவர்கள் வாசிப்பைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்வதற்குச் சமம். நான் இவர்களைப் பொருட்படுத்துகிறேன்.

நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டேன். சுருதியும் தாளமும் நிற்கின்றனவா? ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதில் வாங்கி வாசிக்கிறாரா? பாடல் வரிசை அந்த இடத்துக்கும் கூட்டத்துக்கும் பொருந்துகிறதா? ஒலி, கேட்கும்படி இருக்கிறதா? இவற்றில் இரண்டாவதற்கே அதிக எடை கொடுக்கிறேன். திரைப்பாடலின் அசல் பதிவு இன்று எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. அதை அப்படியே திரும்பக் கேட்க மேடை தேவையில்லை. மேடையில் மட்டுமே கிடைக்கக்கூடியது, கண்முன்னால் சிலர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு ஒரு பாட்டைக் கட்டி எழுப்புவது.

அந்தக் கட்டுமானம் எளிதல்ல. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் வயலின் வரிசைகள் மட்டுமே எத்தனையோ பேர் வாசித்தவை. அவற்றை ஏழு பேர் மேடைக்குக் கொண்டுவரும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். ‘மூடுபனி’ (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டுக்குக் கிட்டார்தான் முதுகெலும்பு. நான்கு பேர் இருந்தாலும் அது நிற்கும். ‘தளபதி’ (1991) படத்தின் கோரஸும் பெரிய வயலின் கூட்டமும் சேர்ந்த கொண்டாட்டப் பாட்டு அப்படி நிற்காது. அதை ஏழு பேருக்கு ஏற்றபடி புதிதாக அமைக்க வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். இந்தக் குறுக்கும் கலைதான் மெல்லிசைக் குழுவின் சொந்தக் கலை. இன்று மூன்றாவது வழி ஒன்றும் வந்துவிட்டது. குரல் நீக்கிய ட்ராக்கை ஓடவிட்டு அதன்மேல் பாடிவிடலாம். இந்த வார இறுதியின் கதை பெரும்பாலும் அந்த மூன்றாவது வழியைப் பற்றியது.

சனிக்கிழமை வரவேற்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. குளிரூட்டிய மண்டபம், நல்ல மிக்சர், பாடகர்களுக்குத் தனி மானிட்டர். குரல்கள் ஓய்வெடுத்து வந்திருந்தன. சுருதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வார இறுதியில் தொழில்நுட்ப அளவில் மிகச் சுத்தமாக ஒலித்த மேடை இதுதான். ஆனால் பாடல்களில் ஏறக்குறையப் பாதிக்கு ட்ராக் ஓடியது. அந்தப் பாடல்களின்போது கிட்டாரும் பேஸும் தோளில் தொங்க, இருவரும் சும்மா நின்றார்கள். பேட் வாசிப்பவர் ட்ராக்கில் ஏற்கெனவே இருக்கும் தாளத்தின்மேல் அதே தாளத்தை இன்னொரு முறை தட்டினார்.

அன்று மாலை ஒரே மாதிரியான தடுமாற்றம் இரண்டு முறை நடந்தது. ட்ராக் ஓடிய ஒரு டூயட்டில், மேடையில் மணமக்களுடன் படம் எடுக்கும் நெரிசலில் பாடகி சரணத்தைப் பிடிக்கச் சற்றுத் தாமதித்தார். ட்ராக் காத்திருக்கவில்லை. அவர் ஒரு வரியையே விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவ வேண்டியிருந்தது. அரைமணி நேரம் கழித்து, கையால் வாசித்த ஒரு பாட்டில் ஆண் பாடகருக்கு அதே நிலை வந்தது. கீபோர்டுக்காரர் தலையை லேசாக அசைத்து இடையிசையை மறுபடி ஒரு சுற்று சுற்றினார். தபலா அதைப் பிடித்துக்கொண்டது. பாடகர் நிதானமாக உள்ளே வந்தார். கேட்பவர்களுக்கு அங்கே ஒரு தவறு நடந்ததே தெரியாது. இரண்டாவது தருணத்தில் ஒரு குழு இருந்தது. முதல் தருணத்தில் ஒரு குரலும் ஒரு கோப்பும் மட்டுமே இருந்தன.

வரவேற்பில் யாரும் உன்னிப்பாகக் கேட்பதில்லை என்பது உண்மை. பந்திக்கும் மேடைக்கும் நடுவே கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் கேட்பவர் இல்லாத இடத்தில்தான் ஒரு குழு தனக்காக வாசித்துப் பழக முடியும். இவர்கள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை. ‘மூடுபனி’ பாட்டைக்கூட ட்ராக்கில் ஓட்டினார்கள், அதை வாசிக்கத் தெரிந்த கிட்டார் கலைஞர் மேடையில் நின்றுகொண்டிருக்கும்போதே. இதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தென்படவில்லை.

ஞாயிறு மதியம் நிலைமை தலைகீழ். இரவு மேடைக்காகப் பெரிய பாக்ஸ்களும் பேடும் முன்கூட்டியே மேலூர்ப் பக்கம் போய்விட்டன. அவற்றை இறக்கி வைக்க இரண்டு கிட்டார்காரர்களும் பேட் வாசிப்பவரும் உடன் போனார்கள். காதணி விழாப் பந்தலில் மிஞ்சியவர்கள் கீபோர்டு, தபலா-டோலக், இரண்டு பாடகர்கள். இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ட்ராக் ஓட்டும் லேப்டாப்பும் வண்டியோடு போய்விட்டது.

இந்த வார இறுதியின் சிறந்த இசை அந்தப் பந்தலில்தான் கேட்டது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். முதலாவது, நால்வரும் ஒருவரையொருவர் கேட்டே ஆக வேண்டியிருந்தது. ஒளிந்துகொள்ள வேறு ஒலி இல்லை. இரண்டாவது, முந்தின இரவு பாடிக் களைத்திருந்த ஆண் குரலுக்காகக் கீபோர்டுக்காரர் பாட்டுக்குப் பாட்டு சுருதியை அரைக்கட்டை, ஒரு கட்டை என்று இறக்கிக் கொடுத்தார். அசல் சுருதியில்தான் பாட வேண்டும் என்ற பிடிவாதம் மெல்லிசை மேடைகளில் ஒரு நோயாகவே இருக்கிறது. அதை விட்ட கணத்தில் பாடகரின் குரலில் இறுக்கம் தளர்ந்து, சொல் தெளிவாக விழுந்தது. மூன்றாவது, டோலக். பேட் இல்லாததால் அந்தக் கலைஞர் தபலாவுக்கும் டோலக்குக்கும் மாறி மாறிப் போக நேர்ந்தது. அவருடைய கை எவ்வளவு வளமானது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

உச்சம், தாய்மாமன் சீர் வந்தபோது. ‘கிழக்குச் சீமையிலே’ (1993) படத்தின் தாய்மாமன் சீர்ப் பாட்டை அவர்கள் தொடங்கியபோது சீர்வரிசை பந்தலின் வாசலுக்கே வந்திருக்கவில்லை. பாட்டு முடியும் கட்டத்தில்தான் தட்டுகள் உள்ளே நுழைந்தன. குழு பாட்டை முடிக்கவில்லை. டோலக் நடையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தது, கீபோர்டு பல்லவியின் மெட்டை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தது. தாய்மாமன் மணைக்கு அருகே வரும்போது பாடகர் இருவரும் சேர்ந்து பல்லவியை மறுபடி ஏற்றினார்கள். பாட்டின் நீளத்தைத் தீர்மானித்தது சடங்கின் நடை. எந்தப் பதிவாலும் செய்ய முடியாத வேலை இது. சடங்குக்கு இசை துணைபோவது என்று நாதஸ்வரக் கலைஞர்கள் காலங்காலமாகச் செய்துவருவதை இந்த நால்வரும் ஒரு திரைப்பாட்டை வைத்துச் செய்துகாட்டினார்கள்.

குறைகளும் இருந்தன. கீபோர்டுக்காரர் வெற்றிடத்துக்கு அஞ்சுகிறார். குரலுக்கு அடியில் எப்போதும் வயலின் ஒலியைப் பரப்பி வைக்கிறார். பெண் குரலின் கீழ்ஸ்தாயி அதில் அமுங்கிவிடுகிறது. பாடகர்கள் இருவரும் வரிகளைக் கைப்பேசியில் பார்த்துப் பாடுகிறார்கள். அதனால் கண் எதிரில் நடப்பதைத் தவறவிடுகிறார்கள். சீர் வருவதை முதலில் கவனித்தவர் டோலக் கலைஞர்தான். ஆனாலும் நான் வைத்த நான்கு கேள்விகளில் மூன்றுக்கு அந்த மதியம் நிறைவான விடை தந்தது.

ஞாயிறு இரவைப் பற்றி இரண்டு விதமாகவும் பேச வேண்டும். சாமி புறப்பாடு தாமதமானது. ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி எட்டு மணிக்குத்தான் தொடங்கியது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் விழாக் காலங்களில் நள்ளிரவு வரை தளர்த்தலாம். இந்த ஊருக்கு அந்தத் தளர்வு இல்லை. மூன்று மணி நேர நிகழ்ச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டி வந்தது. எதை வெட்டினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மெலடிகள் எல்லாம் போயின. குத்துப் பாட்டுகள் எல்லாம் மிஞ்சின. அவற்றில் பெரும்பகுதி ட்ராக்கோடு.

தொடக்கத்தில் பெண் பாடகி பாடிய அம்மன் பாட்டு இந்த இரவின் பெருமை. எல்.ஆர்.ஈஸ்வரி வகுத்துக் கொடுத்த பாணி அது: அடிவயிற்றிலிருந்து எழும் குரல், சொல்லின் முதல் அசையிலேயே அடி. நகலாக இல்லாமல் தன் குரலின் கரகரப்போடு அதைப் பாடினார். மூன்று மேடைகளிலும் தனிக்குரலாக இதற்கு ஈடான ஒன்றை நான் கேட்கவில்லை. பின்னர் ஒரு பழைய எம்.ஜி.ஆர். பாட்டுக்குத் திடலே சேர்ந்து பாடியது. அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஒலி ஏற ஏற இசை இறங்கியது. மானிட்டர் இருந்தும், எதிரே அடுக்கியிருந்த பாக்ஸ்களின் இரைச்சலில் பாடகர்களுக்குத் தங்கள் குரல் கேட்கவில்லை. கேட்காதபோது மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். ஏற்கெனவே இரண்டு மேடை பாடிய தொண்டை அதைத் தாங்கவில்லை. ஆண் பாடகரின் மேல்ஸ்தாயி தெளிவாகவே சுருதி இறங்கிப்போனது. மதியம் நடந்ததுபோல் சுருதியை இறக்கிக் கொடுக்கக் கீபோர்டுக்காரருக்கு வழியில்லை, ஓடுவது ட்ராக். மைக் செட்காரரோ எக்கோவை ஏற்றி அதை மறைக்கப் பார்த்தார். சொற்கள் குழைந்து ஒன்றும் புரியாமல் போனதுதான் மிச்சம்.

மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது தொழில்சார் செவிப் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதன்மேல் ஏறும் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு. அதன்படி 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம்தான். பக்கத்தில் இருப்பவரின் காதருகே கத்தினால்தான் பேச்சு கேட்கும் என்ற நிலையில் அந்தக் குழந்தைகள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தார்கள். இது அழகியல் குறை என்பதைத் தாண்டியது. ஒலிக்கு மைக் செட்காரர்தான் பொறுப்பு என்று குழு ஒதுங்கிக்கொள்ள முடியாது. மேடையில் இருப்பவர் சொன்னால் ஒலி குறையும்.

இன்னொன்றும் அந்த இரவில் உறுத்தியது. கச்சேரிக்குச் சற்று முன்புவரை அதே திடலில் நையாண்டி மேளம் நடந்தது. உண்மையான தவில், உண்மையான பம்பை. அது ஓய்ந்த சில நிமிடங்களில் பேடிலிருந்து பதிவு செய்த தவில் ஒலி வந்தபோது அதன் சன்னம் காதில் பட்டது. தவிலில் ஒவ்வோர் அடியும் வேறு. பேடில் எத்தனை முறை அடித்தாலும் அதே அடி. மதியம் வெறும் டோலக்கால் ஒரு பந்தலைக் கட்டிப்போட்ட கலைஞர், இரவு அந்தப் பேடுக்குப் பின்னால் கேட்காமலே போனார்.

இனி எடை போடலாம். இந்தச் சரிவுக்கெல்லாம் களைப்புதான் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். நான் ஏற்கவில்லை. களைப்பு ஞாயிறு மதியமும் இருந்தது, இசை நன்றாகவே இருந்தது. ட்ராக் சனிக்கிழமையே இருந்தது, அன்று களைப்பே இல்லை. நெருக்கடியான வார இறுதி ஒரு குழுவைக் கெடுப்பது உடம்பை அலுக்க வைப்பதால் அல்ல. நெருக்கடியைச் சமாளிக்க அது குறுக்குவழிகளைப் பழக்கப்படுத்துகிறது: ஒத்திகை இல்லாததால் ட்ராக், நேரம் இல்லாததால் ஒரே பாடல் பட்டியல், குரல் இல்லாததால் கூடுதல் ஒலி. அலுப்பு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பழக்கம் தீராது.

எதிர்வாதங்களில் வலுவானது வரலாற்றிலிருந்து வருவது. மேடைதான் பள்ளிக்கூடம், எத்தனை மேடை ஏறுகிறோமோ அத்தனை கற்கிறோம் என்பார்கள். பாவலர் வரதராஜனோடு தம்பிகள் ஊர் ஊராகப் போய் வாசித்ததும், எஸ்.பி.பாலசுப்ரமணியம் சினிமாவில் நிலைபெறுமுன் நடத்திய மெல்லிசைக் குழுவில் அந்தத் தம்பிகள் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் மூவரும் வாசித்ததும் எல்லோரும் அறிந்தவை. ‘அன்னக்கிளி’ (1976) வருவதற்குப் பின்னால் அத்தனை ஆண்டு மேடைகள் இருந்தன. இந்த வாதம் உண்மை, ஆனால் பாதிதான். அந்த மேடைகள் கற்பித்ததற்குக் காரணம் அவற்றின் எண்ணிக்கை மட்டுமல்ல. தவறினால் கையால்தான் மீட்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருந்தது. ஆர்மோனியத்துக்குப் பின்னால் வேறு துணை கிடையாது. ட்ராக் ஓடும் மேடை நூறு ஏறினாலும் அந்தப் பாடம் கிடைக்காது. இந்தக் குழுவின் மூன்று மேடைகளில் பள்ளிக்கூடமாக இருந்தது மதியப் பந்தல் ஒன்றுதான்.

இரண்டாவது வாதம்: கேட்பவர்களுக்கு அசல் பதிவின் ஒலிதான் வேண்டும், அது இல்லையென்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். காதணி விழாவில் அசல் ஒலிக்கு அருகில்கூட எதுவும் இல்லை. அங்கேதான் பெண்கள் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்கள். மக்கள் கேட்பது அசலின் நகலை என்று முடிவு செய்தது மக்கள் அல்ல, குழுக்கள்தான்.

மூன்றாவது பணம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வண்டி வாடகை, ஒலி வாடகை, பழுதாகும் கருவி எல்லாம் வரவேற்புப் பணத்தில்தான் ஓடுகின்றன. மதிய நிகழ்ச்சியில் கிடைப்பது குறைவு. ஆகவே வரவேற்பை விட்டுவிடுங்கள் என்று சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. ஆனால் வரவேற்பையும் திருவிழாவையும் ஒரே வார இறுதியில் எடுப்பது பணத்தேவையால் மட்டும் வந்ததல்ல. தேதியை விட மனமில்லாததால் வந்தது. அந்த மனத்தை அடக்கலாம்.

என் தீர்ப்பு இது. இந்த வார இறுதி, இசையாக, ஒரு வெற்றி, ஒரு வீண், ஒரு பாதி. காதணி விழா வெற்றி. வரவேற்பு, சுத்தமாக ஒலித்தும், வீண். திருவிழா இரவு ஒரு பெண் குரலாலும் திடலின் மகிழ்ச்சியாலும் பாதி தேறியது. நான்கு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குழு தன் தகுதிக்குக் கீழே வாசித்தது. தகுதி இல்லாதவர்கள் என்றால் இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரையொருவர் கேட்கத் தெரிந்தவர்கள் இவர்கள் என்பதற்கு மதியப் பந்தல் சாட்சி.

ஒரு வார இறுதிக்கு ஓர் இரவு மேடை போதும், அது வரவேற்போ திருவிழாவோ எதுவாகவும் இருக்கலாம். அதோடு சின்ன மதிய நிகழ்ச்சி ஒன்று வந்தால் எடுக்கலாம், பணம் குறைவு என்று அதை முதலில் கழிக்கக்கூடாது. மிஞ்சும் நேரம் ஒத்திகைக்கு. ட்ராக்கில் ஓடும் பாடல்களை ஏழு பேருக்கான பாடல்களாக ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மாற்ற முடியாதவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாடல்கள் குறையும். சில தேதிகள் வேறு குழுக்களுக்குப் போகும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டால் இவர்கள் மதுரை வட்டாரத்தில் தேடிப்போய்க் கேட்க வேண்டிய குழுவாக இருப்பார்கள். ஏற்கவில்லையென்றால் தேதி நிறைந்த நாட்காட்டி மட்டும் மிஞ்சும், அதற்கு இந்த ஏழு பேர்தான் வேண்டும் என்ற அவசியம் இருக்காது.